பிராணி சேர்த்து அணி கட்டும் கேம்: பீஸ்டிபாலா, இனாசுமா இலெவனா, போகெத்லானா?

பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் கேம்களில் ஊறியவர்களுக்கு ஒரு குறுக்குவழி தெரியும். பையில் ஆறு பிராணி இருந்தாலும் ஒன்றை மட்டும் ஊட்டி வளர்த்தால் போதும். எதிராளிகளைவிடப் பத்து லெவல் முன்னால் நிற்கும் அந்த ஒன்றே கதையின் கடைசிவரை இழுத்துக்கொண்டு போய்விடும். மற்ற ஐந்தும் தலைக்கணக்குக்கு நிற்பவை.

அணி விளையாட்டை நடுவில் வைத்துக் கட்டிய கேம்கள் கைவைப்பது இந்தக் குறுக்குவழியில்தான். அதனால் இந்த வகையில் எதை வாங்கலாம் என்று யோசிக்கும்போது எத்தனை பிராணி இருக்கிறது, படம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: ஒரே ஒரு பலசாலியை வைத்து இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது மேலே பந்துப் படம் ஒட்டிய பழைய கேம்தான். முடியாது என்றால் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு ஆளும் உங்கள் ஆட்டத்தை மாற்றும்; அப்போதுதான் சேர்ப்பதற்கே அர்த்தம் வருகிறது.

இந்த உரைகல்லில் முதலில் உரசிப் பார்க்க வேண்டியது பீஸ்டிபால். வாண்டர்சாங், சிக்கரி ஆகிய கேம்களைச் செய்த கிரெக் லோபனோவின் குழு உருவாக்கியது. 2024 நவம்பர் 12இல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் எர்லி ஆக்சஸ் பதிப்பாக, அதாவது முழுமையாக முடியும் முன்பே, வந்தது. ஆட்டம் வாலிபால். இங்கே பிராணிகளுக்குப் பெயர் பீஸ்டி. வலையின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பீஸ்டி நிற்கும், மற்றவை பெஞ்சில் காத்திருக்கும். அவசரமாகப் பட்டன் தட்டும் வேலை இல்லை. முறை வைத்து ஆடுவதால் ஒவ்வொரு பந்துக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

பந்து உங்கள் பக்கம் வந்ததும் நேராக அடித்து அனுப்பலாம், அல்லது வாலிபாலில் செட்டர் செய்வதுபோல் தோழனுக்குத் தூக்கிக் கொடுத்து அவன் அடிக்கலாம். வலையோரம் நின்று அடிக்கும் அடிக்கு வேகம் அதிகம். பின்வரிசையில் நின்று வாங்கினால் பாதிப்பு குறைவு. இந்த இரண்டு விதியையும் சேர்த்துப் பார்த்தாலே சிக்கல் புரிந்துவிடும்: அடிக்கப் போனவன் முன்னால் நிற்கிறான், அடுத்த பந்தை வாங்க அவன் பின்னால் இருந்திருக்க வேண்டும். எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது, யாரைத் தூக்கிக் கொடுக்கவைப்பது என்பதில்தான் முழு ஆட்டமும் அடங்கியிருக்கிறது.

தீ, நீர், புல் என்ற வழக்கமான வகைப் பிரிவு இங்கே கிடையாது. அடிகள் உடல், மனம், ஆன்மா என மூன்று வழியில் வரும். உடல் வழி அடியை உடல் தற்காப்பு தாங்க வேண்டும், மன வழி அடியை மனத் தற்காப்பு தாங்க வேண்டும். ஒவ்வொரு அடியும் வாங்குகிறவரின் ஸ்டாமினாவை, அதாவது தெம்பை, குறைக்கும். அது தீர்ந்து பந்தைத் தாங்க முடியாமல் போனால் புள்ளி எதிரணிக்கு.

பலசாலி ஒன்றை மட்டும் வளர்த்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பந்தை யார் மேல் அடிப்பது என்பதை அடிக்கிறவர் தேர்ந்தெடுக்கிறார். உங்கள் பக்கம் ஒருவர் மலை, இன்னொருவர் பூனைக்குட்டி என்றால் எல்லாப் பந்தும் பூனைக்குட்டியின் தலையில்தான் விழும். மலை பார்த்துக்கொண்டு நிற்கும். அதேபோல் அணியில் எல்லாரும் உடல் வழியிலேயே அடிப்பவர்களாக இருந்தால், உடல் தற்காப்பு அதிகமுள்ள ஒரே ஓர் எதிராளி வந்து நின்றாலும் அணி முழுவதும் முடங்கிவிடும். அதனால் அணி எடுக்கும்போது ஜோடி ஜோடியாக யோசிப்பது நல்லது: தூக்கிக் கொடுக்க ஒன்று, அடிக்க ஒன்று, அந்த அடிக்கும் பீஸ்டி உடல் வழி என்றால் பெஞ்சில் இருக்கும் அடுத்த ஜோடியில் அடிப்பது மனம் அல்லது ஆன்மா வழியாக இருக்கட்டும். களைத்ததை, நீங்கள் தற்காக்கும் முறை வரும்போது வெளியே எடுக்கலாம், ஆனால் மாற்றுவதும் ஒரு செயலாகக் கணக்கில் சேரும். இரண்டும் ஒரே நேரத்தில் களைக்கும்வரை காத்திருந்தால் மாற்றவும் நேரமில்லை, நகரவும் நேரமில்லை. முதலாவது பாதிக்குக் கீழே இறங்கும்போதே எடுத்துவிடுங்கள்.

சேர்க்கும் முறையும் வேறு. பிராணியை அடித்துத் துவைத்துக் கூண்டில் போடுவதில்லை. காட்டு பீஸ்டி ஒவ்வொன்றுக்கும் எந்த மாதிரி ஆட்டம் பிடிக்கும் என்று ஒரு நிபந்தனை உண்டு. ஆட்டத்திலேயே அதைச் செய்துகாட்டினால்தான் அது அணிக்கு வரும். இதனால் சேர்ப்பதே பயிற்சியாகிவிடுகிறது. ஒரு பீஸ்டியைக் கவர நீங்கள் வழக்கமாகச் செய்யாத ஓர் உத்தியைச் செய்ய வேண்டியிருக்கும், அந்த உத்தி பிறகு உங்கள் கையிலேயே தங்கிவிடும்.

சேர்த்தபின் அவற்றுக்குள் உறவு வளர்கிறது. ஒன்றாக ஆட ஆட இரண்டு பீஸ்டிகள் உயிர்த் தோழர்களாகலாம், காதலர்களாகலாம், போட்டியாளர்களாகக்கூட ஆகலாம். உறவு எதுவோ அதற்கேற்ற கூட்டு உத்தி திறக்கும். இது வெறும் அலங்காரம் இல்லை. நன்றாகப் பழகிய சுமாரான ஜோடி, நேற்றுச் சேர்த்த இரண்டு பலசாலிகளைத் தோற்கடிப்பது உண்டு. ஆகவே புதிதாக ஒன்று கிடைத்ததும் பழையதைத் தூக்கிப் போடும் பழக்கம் இங்கே நஷ்டத்தில்தான் முடியும்.

குறை என்று பார்த்தால், வாசிக்க நிறைய இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். ஒவ்வோர் உத்தியின் விளக்கத்திலும் ஒரு சிறு நிபந்தனை ஒளிந்திருக்கும். அதைப் படிக்காமல் ஆடினால் ஏன் தோற்றோம் என்றே தெரியாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டிவரும்.

அடுத்தது இனாசுமா இலெவன். லெவல்-5 நிறுவனம் 2008இல் ஜப்பானில் நின்டென்டோ டி.எஸ்.ஸுக்காக வெளியிட்ட கால்பந்து ஆர்.பி.ஜி. (கதையோடு ஆட்களை வளர்த்து ஆடும் கேம்). இங்கே சேர்ப்பது பிராணிகளை அல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகளை. ஆனால் சேர்க்கும் வெறி அதேதான். முதல் கேமிலேயே ஆயிரத்துக்கு மேல் ஆட்டக்காரர்கள். அதே வரிசையில் 2025 நவம்பர் 13இல் வந்த விக்டரி ரோடில் அந்த எண்ணிக்கை 5,000ஐத் தாண்டிவிட்டது.

பழைய டி.எஸ். கேமை ஆடும் முறை தனி ருசி. ஸ்டைலஸ் என்ற தொடுதிரைக் குச்சியால் ஆட்டக்காரன் மேல் தொட்டுக் கோடு இழுத்தால் அந்த வழியில் ஓடுவான். வெற்றிடத்தில் தட்டினால் பாஸ், கோல்கம்பத்தைத் தட்டினால் ஷாட். இரண்டு பேர் மோதும் இடத்தில் ஆட்டம் நின்று, என்ன செய்வது என்று கேட்கும். அங்கே சாதாரண முயற்சியா, சிறப்பு உத்தியா என்று முடிவெடுக்க வேண்டும். சிறப்பு உத்திக்கு டி.பி. என்ற உத்திப் புள்ளி செலவாகும். ஓட ஓட ஜி.பி. என்ற தெம்புப் புள்ளி குறையும், அது தீர்ந்தவன் களத்தில் ஊர்ந்துகொண்டிருப்பான். முதல் பாதியிலேயே டி.பி.யைக் கொட்டிவிட்டு இரண்டாம் பாதியில் கைகட்டி நிற்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரும் தவறு. 11 பேர் களத்தில், 5 பேர் பெஞ்சில் என்று 16 பேர் இருப்பதே இதற்காகத்தான்.

காற்று, மலை, நெருப்பு, காடு என்று நான்கு தன்மை உண்டு. காற்று மலையை வெல்லும், மலை நெருப்பை, நெருப்பு காட்டை, காடு காற்றை. இதை மனப்பாடம் செய்தால் போதாது, கோல்கம்பத்தில் நிற்கும் ஆளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாயகன் மார்க் எவன்ஸ் மலைத் தன்மைக் கோல்கீப்பர். பந்தைப் பிடிக்க அவன் செய்யும் காட் ஹேண்ட் என்ற சிறப்பு உத்தியும் மலைதான். ஆட்டக்காரனின் தன்மையும் உத்தியின் தன்மையும் ஒன்றாக இருந்தால் வலிமை கூடும் என்பதால் நெருப்பு ஷாட்டை அவன் அநாயாசமாகப் பிடிப்பான். அதே மார்க், காற்றுத் தன்மை ஃபார்வர்டு அடிக்கும் காற்று ஷாட்டுக்குத் திணறுவான். எதிரணியில் அப்படி ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் கீப்பரை மாற்றத் தேவையில்லை. காடுத் தன்மைத் தடுப்பாட்டக்காரர் ஒருவரை அவன் வரும் வழியில் நிறுத்தினால் ஷாட் கிளம்பும் முன்பே பந்தைப் பறிக்க வாய்ப்பு உண்டு. எங்கே யாரை நிறுத்துவது என்ற இந்தக் கணக்குதான் இனாசுமாவின் உயிர்.

இன்னொரு நுணுக்கம் பயிற்சியில் இருக்கிறது. கிக், பாடி, கண்ட்ரோல், கார்டு (தடுப்பு), ஸ்பீடு, ஸ்டாமினா, கட்ஸ் என்று ஏழு திறன். பயிற்சி கொடுத்துக்கொண்டே போனால் எல்லாம் ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வோர் ஆளுக்கும் உள்ளே ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டபின் ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கும். அதனால் ஃபார்வர்டுக்குத் தொடக்கத்திலேயே கார்டை ஏற்றி வீணாக்காமல், தேவையான இரண்டு மூன்றில் மட்டும் கவனம் வைப்பது நல்லது.

ஒரே பலசாலியை வைத்து இதில் ஜெயிக்க முடியுமா? பழைய கேமில் ஓரளவுக்கு முடியும் என்பதே நேர்மையான பதில். வலுவான ஃபார்வர்டு ஒருவனும் வலுவான கீப்பர் ஒருவனும் அமைந்துவிட்டால் நடுவில் யார் நின்றாலும் கதையின் பெரும்பகுதி ஓடிவிடும். ஆயிரம் பேரைச் சேர்க்கலாம், ஆனால் ஆயிரம் பேரும் தேவைப்பட மாட்டார்கள். நீங்கள் விரும்பிச் சேர்க்க வேண்டும், கேம் உங்களைச் சேர்க்கவைக்காது. பீஸ்டிபாலுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு இதுதான்.

விக்டரி ரோடு இரண்டு தனிப் பகுதிகளாக இருக்கிறது. கதைப் பகுதியில் புதிய நாயகன், நிறையப் பேச்சு. காலில் பந்து படவே சில மணி நேரம் ஆகும். கதையை ரசிக்கிறவர்களுக்கு அது குறையே இல்லை. சேர்ப்பதற்காக வாங்குகிறவர்கள் நேரே போக வேண்டியது குரோனிக்கிள் பகுதிக்கு. பழைய தொடர்களின் புகழ்பெற்ற ஆட்டங்களைத் திரும்ப ஆடி, அந்தந்த ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது அங்கேதான். பழைய கதை தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு நினைவு. தெரியாதவர்களுக்கு 5,000 பேர் என்பது வெறும் கூட்டம், யாரை எடுப்பது என்று கை ஓடாது. அவர்கள் முதலில் ஒரே ஒரு பள்ளி அணியைப் பிடித்து அதன் 11 பேரையும் சேர்த்து ஆடிப் பார்க்கலாம். பிறகு பலவீனமான இடங்களை மட்டும் மாற்றினால் போதும்.

பிராணிதான் வேண்டும், ஆனால் அணி விளையாட்டு அதில் ஒரு பகுதியாக இருந்தால் போதும் என்பவர்களுக்குப் போகெமான் ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் இரண்டிலும் உள்ள போகெத்லான் இன்னும் நல்ல தேர்வு. 2009இல் வந்தவை. கோல்டன்ராட் நகருக்கு வடக்கே உள்ள அரங்கில் மூன்று போகெமான் கொண்ட அணியாக இறங்க வேண்டும். பவர், ஸ்டாமினா, ஸ்கில், ஸ்பீடு, ஜம்ப் என்று ஐந்து பிரிவு, மொத்தம் 10 போட்டிகள். எல்லாம் ஸ்டைலஸ் வேலை. தடை தாண்டும் ஓட்டத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் தனித்தனிப் பாதையில் ஓடும். எது தடைக்கு அருகில் வருகிறதோ அதைத் தட்ட வேண்டும். தொடர் ஓட்டத்திலும் கட்டை உடைப்பதிலும் களைத்ததை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டை உடைக்கும்போது வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தபின் மாற்றினால் தாமதம், அதற்கு ஒரு நொடி முன்னே மாற்றப் பழக வேண்டும்.

இதன் அழகு என்னவென்றால் சண்டைக்கு உதவாது என்று பெட்டியில் போட்டுவைத்த போகெமான் இங்கே நாயகனாகிவிடும். லெவலுக்கு இங்கே மதிப்பு இல்லை, ஒவ்வொரு திறனுக்கும் அந்த இனத்துக்குரிய நட்சத்திர அளவே கணக்கு. ஒவ்வோர் இனமும் ஐந்து பிரிவிலும் பதக்கம் வாங்கலாம் என்பதால் 493 இனத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் பல மாத வேலை இருக்கிறது. நட்சத்திரத்தை ஏற்ற, கேமில் மரங்களில் காய்க்கும் அப்ரிகார்னின் பழச்சாறு கலக்க வேண்டும். ஒரு சுவையை ஏற்றினால் இன்னொன்று இறங்கும். கலந்தபின் நடக்க நடக்கச் சாறு பதமாகும், உடனே கொடுத்தால் பலன் குறைவு. அதே அப்ரிகார்னைத்தான் அசேலியா ஊர்க் கர்ட்டிடம் கொடுத்துப் போகெமான் பிடிக்கும் சிறப்புப் பந்துகள் செய்கிறோம். மரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு பழம்தான் என்பதால் பந்தா சாறா என்று தினமும் தேர்ந்தெடுக்க வேண்டிவரும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். போகெத்லானில் பெரும்பாலும் திறமை உங்கள் விரலில் இருக்கிறது. வியூகம் வகுத்து ஜெயிக்கும் சுகம் அதில் கிடைக்காது. தொடுதிரையும் அடி வாங்கும், திரைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிட்டு ஆடுவது நல்லது.

ஃபைனல் ஃபேண்டஸி 10இல் உள்ள பிளிட்ஸ்பாலையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். நீர்க்கோளத்துக்குள் ஆறு ஆறு பேராக ஆடும் ஆட்டம், பாதிக்கு 5 நிமிடம். முழு கேமின் ஓர் ஓரத்தில் இருப்பதுதான், ஆனால் கணக்கு விரும்புகிறவர்களுக்கு இதைவிட வெளிப்படையானது கிடைக்காது. பந்து வைத்திருப்பவரின் ஈ.என். (தாங்கும் திறன்) 12 என்று வைத்துக்கொள்வோம். ஏ.டி. (தாக்கும் திறன்) 7 உள்ள ஒருவர் மோதினால் ஏறக்குறைய 5 மிஞ்சும், அடுத்து 6 உள்ளவர் மோதினால் பந்து போய்விடும். எனவே முதல் ஆளை முட்டித் தாண்டியதும் பாஸ் கொடுத்துவிட வேண்டும். ஷாட்டும் அப்படித்தான்: எஸ்.எச். (ஷாட்) எண்ணிலிருந்து தடுப்பவர்களின் பி.எல். (தடுக்கும் திறன்) கழியும், மீதியைக் கீப்பரின் சி.ஏ. (பிடிக்கும் திறன்) சந்திக்கும். சற்று அதிர்ஷ்டமும் கலக்கும் என்பதால் எண்கள் சமமாக இருக்கும்போது அடிக்க வேண்டாம். கதையில் கிலிகா என்ற ஊரிலிருந்து லூக்கா நகருக்குப் போகும் கப்பலில் நாயகன் டைடஸ் கற்கக்கூடிய ஜெக்ட் ஷாட் இரண்டு தடுப்பவர்களை ஒதுக்கிவிடும். அதைத் தவறவிட்டால் லூக்காவில் வரும் முதல் ஆட்டம் இரட்டிப்புக் கடினம்.

அங்கும் ஒரு கோளாறு உண்டு. அனுபவப் புள்ளி செயலுக்குத்தான் கிடைக்கும். பந்தே தொடாத தடுப்பாட்டக்காரர் பத்து ஆட்டம் கழிந்தும் அதே லெவலில் நிற்பார். எதிரணியைவிட ஒரு கோல் முன்னே இருக்கும்போது பந்தைத் தடுப்பாட்டக்காரர்களுக்குள்ளேயே சுற்றவிட்டால் அவர்களும் வளர்வார்கள். ஒப்பந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்துவிட்டால் வளர்த்த ஆளை வேறு அணி தூக்கிக்கொண்டு போய்விடும். தொடக்கத்தில் கிடைக்கும் கீப்பர் கீப்பா பலவீனமானவர். லூக்காவில் அணி இல்லாமல் இருக்கும் ஜுமாலை எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எறிபந்து ஆர்.பி.ஜி.யான டாட்ஜ்பால் அகடமியாவையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். கலகலப்பான கேம்தான், ஆனால் சேர்ப்பது அதில் சிறு பகுதி. சேர்ப்பதற்காக வாங்குகிறவர் ஏமாந்துவிடுவார்.

கையில் கணினி இருக்கிறது, உட்கார்ந்து யோசிக்கப் பிடிக்கும், பிராணிதான் வேண்டும் என்றால் பீஸ்டிபாலை முதலில் வாங்கச் சொல்வோம், தயக்கமே இல்லை. கால்பந்து உயிர், வீட்டில் ஸ்விட்சோ பிளேஸ்டேஷனோ இருக்கிறது என்றால் விக்டரி ரோடு. பிளிட்ஸ்பாலுக்காக மட்டும் ஃபைனல் ஃபேண்டஸி 10 வாங்க வேண்டாம். அந்தக் கதையையும் ஆட மனம் இருந்தால் ஹெச்.டி. பதிப்பு கணினியிலும் ஸ்விட்சிலும் கிடைக்கிறது.

பழைய இனாசுமா கேம்களையோ ஹார்ட்கோல்டையோ தேடுகிறவர்கள் சில விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். 3டி.எஸ். இணையக் கடை 2023 மார்ச் 27இல் மூடப்பட்டுவிட்டதால் பழைய கார்ட்ரிட்ஜ்தான் வழி. இனாசுமா முதல் இரண்டு பாகமும் ஐரோப்பாவில் டி.எஸ். கார்ட்ரிட்ஜாக வந்தவை, எந்த நாட்டு டி.எஸ்.ஸிலும் ஓடும். மூன்றாம் பாகமும் அதன் பின் வந்த இனாசுமா இலெவன் கோ வரிசையும் அங்கே 3டி.எஸ். கார்ட்ரிட்ஜ், அதில் நாட்டுப் பூட்டு உண்டு, அமெரிக்க 3டி.எஸ்.ஸில் ஐரோப்பியக் கார்ட்ரிட்ஜ் ஓடாது. விற்பவரிடம் எந்த நாட்டுப் பதிப்பு என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஹார்ட்கோல்டு, சோல்சில்வருக்குப் போலி அதிகம். அசல் கார்ட்ரிட்ஜுக்குள், நடையை எண்ணும் போகெவாக்கர் என்ற சிறு கருவியோடு பேசும் அகச்சிவப்புப் பகுதி இருக்கிறது. அதனால் அதன் உறை மற்ற டி.எஸ். கார்ட்ரிட்ஜ்போல் சாம்பல் நிறத்தில் இருக்காது; பளபளப்பான கறுப்பாக இருக்கும், விளக்குக்கு நேரே பிடித்தால் அடர் சிவப்பாக ஒளி ஊடுருவும். லேபிளில் NTR என்பதற்கு அடுத்து வரும் குறியீடும் ஐ (I) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். சாம்பல் நிறக் கார்ட்ரிட்ஜைக் காட்டினால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் சேமித்த ஆட்டம் ஒருநாள் காணாமல் போகும், வாங்கிய பதக்கங்களும் அதோடு போகும்.